ரெண்டு பனையும் ஒண்ணாத் தெரியுற இடம்

உக்காருங்க செட்டியாரே. அந்தக் கட்டுமரத்து மேலயே உக்காருங்க, ஈரமில்ல. உங்க கப்பல் எங்கயும் ஓடிடாது, நங்கூரம் போட்டுத்தான் கெடக்கு. அலை இன்னும் அடங்கல. வெயில் கொஞ்சம் மேல ஏறட்டும். இப்பவே படகை எறக்குனா உங்க துணிமூட்டையைப் பிரிச்சு மீனுங்களுக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி ஆயிடும்.

வந்ததும் வராததுமா கேட்டீங்களே, இந்த ரெண்டு வெள்ளைக்காரனும் எதுக்குத்தான் இப்படி அடிச்சிக்கிறானுங்கன்னு. சரியான ஆளைப் பாத்துத்தான் கேட்டீங்க. இந்தக் கோரைக்குப்பத்துல அதைச் சொல்ல என்னை விட்டா ஆளில்ல. என் பேரு அஞ்சப்பன். இந்தத் துறைக்குத் தண்டல். படகுங்களுக்குத் தலைவன்னு வச்சுக்குங்க. இந்தப் பிரம்பைப் பாருங்க, நுனியில வெள்ளிப்பூண். ஒரு துரை தன் கையால எனக்குக் குடுத்தது. அந்தத் துரையைப் பத்தித்தான் சொல்லப்போறேன். என்னை மாதிரி நம்பிக் கெட்டவன் இந்தக் கரையில எவனுமில்ல.

மொதல்ல இந்தக் கடலைப் புரிஞ்சுக்குங்க. கப்பல் எதுவும் இங்க கரைக்கு வராது. நடுவுல தண்ணிக்கடியில ஒரு மணல்மேடு படுத்திருக்கு. அது மேலதான் அலை வந்து உடையுது. அந்த மேட்டுல ஒரே ஒரு எடத்துல மட்டும் ஆழமா ஒரு வழி உண்டு. ஆணியே இல்லாம கயித்தால தைச்ச எங்க சலங்குப் படகு அந்த வழியாத்தான் போய் வரும். அம்பது பீரங்கி வச்ச கப்பல்ல வந்தாலும் துரைமாருங்க கரையில கால் வைக்கணும்னா எங்க படகுலதான் ஏறணும். சொந்தப் படகை எறக்கிப் பாத்தானுங்க சில பேரு. பலகை பலகையா பொறுக்கினோம்.

அந்த வழி ஒரே எடத்துல இருக்காது. வாடைக்காத்து அடிச்சு ஓஞ்சா மணலு நகந்துடும். தை பொறந்ததும் புதுசா கண்டுபுடிக்கணும். அதுக்கு ரெண்டு ஆளு வேணும். ஒருத்தன் மூங்கில்கழியோட கழுத்தளவு தண்ணிக்குப் போவான். இன்னொருத்தன் கரையில தெரியுதே, அந்த உயரமான மணல்மேட்டு உச்சியில நிப்பான். தண்ணியில நிக்கிறவனுக்குப் பின்னால வர்ற அலை தெரியாது பாருங்க. மேட்டுல நிக்கிறவன் துண்டை வீசிச் சொல்லணும், முங்கு, எழுந்திரு, இடது பக்கம் போன்னு. அவன் சொன்னா கண்ணை மூடிக்கிட்டு முங்கணும். யோசிச்சா செத்தோம். கழி ஆழத்துல எறங்குற எடம் கெடைச்சதும் கரையைத் திரும்பிப் பாக்கணும். அதோ வரிசையா நிக்குதே பனை, அதுல எந்த ரெண்டு பனை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறைஞ்சு ஒரே மரமாத் தெரியுதோ, அதான் அந்த வருசத்து வழி. ரெண்டு பேரும் கடல்தண்ணியைக் கையில அள்ளிச் சத்தியம் பண்ணுவோம், பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லமாட்டேன்னு.

தண்டு வலிக்கிறவனுக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. அவன் கண்ணு தண்டல் வாய் மேல இருக்கும். தலைக்கு மேல அலை உடையும்போது எவன் பனையைப் பாக்குறான். கரையில நிக்கிறவனுக்கும் தெரியாது. நாங்க நேராப் போகமாட்டோம். கோணலா எறக்கி, நுரைக்குள்ள போனதும் சட்டுனு திருப்புவோம். அந்த வித்தையை வச்சுத்தான் எங்க பொழைப்பு. வழி தெரிஞ்சுட்டா துரைக்கு நாங்க எதுக்கு?

அந்த ரெண்டு ஆளுல ஒருத்தன் நான். இன்னொருத்தன் தாண்டவன். என் மச்சான். என் தங்கச்சி செங்கேணியைக் கட்டுனவன். ஆளுக்கொரு நாள் முறை. இன்னிக்கு வர்ற கப்பல் என் படகுங்களுக்கு, நாளைக்கு வர்றது அவன் படகுங்களுக்கு. எங்க அப்பன் காலத்துலேர்ந்து அப்படித்தான். பதினோரு வருசம் அவன் துண்டை வீசி நான் முங்கியிருக்கேன், நான் வீசி அவன் முங்கியிருக்கான். நல்லாத்தான் இருந்துச்சு. அவன்தான் கெடுத்தான்.

எப்படின்னா, அப்ப இந்தத் துறை இங்கிலீசுக்காரன் கையில இருந்துச்சு. புதுத் துரையும் அவன் பொண்டாட்டியும் சீமையிலேர்ந்து வந்தாங்க. கப்பல் பாயை மொதல்ல பாத்தவன் நான். என் முறை நாளு. நான்தான் துண்டைத் தூக்கிக் காட்டுனேன், ஊரே பாத்துச்சு. ஆனா அலை மோசம், எறக்க முடியல. மறுநாள்தான் எறக்குனாங்க. மறுநாள் தாண்டவன் முறை. அந்தம்மாவைக் காலு நனையாம கொண்டாந்து சேத்தான். துரை சந்தோசப்பட்டு ஆறு முழம் செவப்புச் சகலாத்து, சீமைக் கம்பளித் துணி, அதைத் தூக்கி அவன் தோள்ல போட்டாரு.

அது யாருக்கு வரவேண்டியது, நீங்களே சொல்லுங்க. பாத்தவன் நான். எறக்குனவன் அவன். எங்க ஊர்ல மீன் கூட்டத்தை எவன் மொதல்ல பாத்துத் துண்டைத் தூக்குறானோ அவன் வலைதான் மொதல்ல எறங்கணும். அப்ப கப்பலுக்கும் அதானே. பஞ்சாயத்து வச்சேன். பஞ்சாயத்துல என்ன சொன்னானுங்க தெரியுமா? கப்பல் மீனில்லையாம். தாண்டவன் பாதித் துணியைக் கிழிச்சு என் வீட்டுக்குக் குடுத்தனுப்புனான். செங்கேணிதான் கொண்டாந்தா. "எடுத்துக்க அண்ணே, உனக்கும் மேலுக்கு ஆகும்"னா. பிச்சையான்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டேன். அப்புறம் அவ அதுல புள்ளைக்குச் சட்டை தைச்சுப் போட்டா. அந்தப் புள்ள செவப்பா என் வாசல்ல வெளையாடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்த வருசம்தான் சவரிராயன் வந்தான். புதுச்சேரி பிராஞ்சுக்காரனுக்குத் துபாசி. அவங்க பாசையும் பேசுவான், நம்ம பாசையும் பேசுவான். கருவாடு வாங்குற மாதிரி வந்து இதே மாதிரிதான் எதிர்க்க உக்காந்தான். நல்லாப் பேசுவான். நான் அவனை இதே கேள்விதான் கேட்டேன். ஏன் சாமி, உங்க துரையும் எங்க துரையும் எதுக்கு அடிச்சிக்கிறாங்க?

"அங்க சீமையில ஒரு ராசா செத்துட்டாரு, அஞ்சப்பா. ஆம்பளை வாரிசில்ல. மக பட்டத்துக்கு வரலாமா கூடாதான்னு வழக்கு. ஒருத்தர் அந்தப் பக்கம், ஒருத்தர் இந்தப் பக்கம்."

"அதுக்கு எங்க கரையில எதுக்கு குண்டு போடுறீங்க?"

சிரிச்சான். "அது சாக்கு. நெசம் என்னன்னா, ரெண்டு பேரும் ஒரே மாதிரி வெள்ளியைக் கொண்டாந்து, ஒரே தறிக்காரன்கிட்ட ஒரே துணியை வாங்கி, ஒரே சந்தைக்குக் கொண்டு போறாங்க. மொதல்ல போய்ச் சேர்ற கப்பலுக்குத்தான் கிராக்கி. பின்னால போறவன் அந்தத் துணியை வச்சு கப்பல் தளத்தைத்தான் தொடைக்கணும். அதனால முன்னால போறவனைக் கடல்லயே மறிக்கிறான். முடிஞ்சா அவன் துறையையே புடுங்குறான். மொளகும் அப்படித்தான், வெடியுப்பும் அப்படித்தான். ஒரு கரைக்கு ரெண்டு பேரு ஆகாது அஞ்சப்பா."

எனக்கு அப்படியே பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு கரைக்கு ரெண்டு பேரு ஆகாது. எவ்வளவு நாளா எனக்குள்ள இருந்த நியாயம், அதை அவன் வாயால சொல்றான். எங்களுக்காவது பஞ்சாயத்துன்னு ஒண்ணு இருக்கு, தப்பாத் தீர்ப்பு சொன்னாலும் சொல்லுது. நடுக்கடல்ல அவனுங்களுக்கு எவன் பஞ்சாயத்து பண்ணுவான்? பேராசை புடிச்ச பயலுங்கன்னு நெனச்சேன். சொல்லவும் சொன்னேன். அதுக்கும் சிரிச்சான்.

அப்புறம்தான் விசயத்துக்கு வந்தான். மொரேல் துரைன்னு ஒருத்தர், கப்பலோட வர்றாரு. புதுச்சேரியிலேர்ந்து சலங்குப் படகும் ஆளும் இருக்கு. வழிதான் இல்ல. வழியைச் சொன்னா, துறை அவங்க கைக்கு வந்ததும் முழுக்கரையும் எனக்கு. எல்லா நாளும் என் முறை. ஒரே தண்டல்.

நான் உடனே சொல்லிடல செட்டியாரே. என்னைத் தப்பா நெனச்சிடாதீங்க. மூணு நாளு யோசிச்சேன். சத்தியம் பண்ணுனது பொண்டாட்டிகிட்டச் சொல்லமாட்டேன்னு. நான் பொண்டாட்டிகிட்டச் சொல்லல. அதுமில்லாம, தாண்டவனை நான் பட்டினி போடவா போறேன்? எனக்குக் கீழ படகோட்டட்டும், சாப்பாட்டுக்குக் கொறையில்லாம பாத்துக்கலாம்னுதான் நெனச்சேன். அவன் நல்லதுக்கும் சேத்துத்தான். நாலாம் நாளு சவரிராயனைக் கட்டுமரத்துல கூட்டிக்கிட்டுப் போய், இந்த ரெண்டு பனைன்னு காட்டுனேன்.

ஒண்ணே ஒண்ணு கேட்டேன். என் முறை நாள்ல வாங்க, தாண்டவன் கடல்ல இருக்கக்கூடாதுன்னேன். சரின்னு தலையாட்டுனான். ஆனா வந்தது தாண்டவன் முறை நாளு. காத்து அன்னிக்குத்தான் வாகா இருந்துச்சாம். அதான் மொத ஏமாத்து. அப்பவே நான் முழிச்சிருக்கணும்.

வெயில் நல்லா ஏறுன நேரம். பிராஞ்சுக்காரன் கொடியைப் பாத்ததும் நம்ம கரைக் கோட்டையில இருந்த இங்கிலீசுக்காரன் பொண்டு புள்ளைங்களைத் தன் கப்பலுக்கு அனுப்பப் பாத்தான். தாண்டவன் படகுல ஏத்திக்கிட்டு வழிக்குள்ள போயிட்டான். எதிர்ல பிராஞ்சுக்காரன் படகுங்க அதே வழியில உள்ள வருது. ரெண்டு படகு போற அகலம் அங்க கெடையாது. தாண்டவனுக்கு நம்பவே முடியல போலிருக்கு. கரையைத் திரும்பிப் பாத்தான், நான் பாத்தேன். பனையைப் பாத்தானா என்னைப் பாத்தானா தெரியல. படகு படகு மேல மோதிச்சு. தையல் பிரிஞ்சு போச்சு. அவன் கூடப்பொறந்த தம்பி வடமலை மொத தண்டு வலிச்சவன், வயசு இருவத்திரெண்டு, அதோட போயிட்டான். தாண்டவனுக்கு வலது காலு ரெண்டு படகுக்கு நடுவுல சிக்கி நசுங்கிடுச்சு. அந்தக் காலோடயே மூணு வெள்ளைக்காரப் பொம்பளைங்களை முடியைப் புடிச்சு இழுத்துக் கட்டுமரத்துல போட்டான். தண்ணியில விழுந்தவன் எவனா இருந்தாலும் எடுக்கணும்னு எங்க ஊர்க் கட்டுப்பாடு. வடமலையை மட்டும் அவனால எடுக்க முடியல.

அன்னிக்குச் சாயங்காலம் செங்கேணி வந்தா. அழுவல. வாசப்படியில நின்னுக்கிட்டுக் கேட்டா.

"வழி அவங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"எனக்கென்ன தெரியும்? கடல் காட்டியிருக்கும்."

"ரெண்டே பேருக்குத்தானே தெரியும்."

"உன் புருசன் தூக்கத்துல ஒளறியிருப்பான்."

வாசப்படியை விட்டு எறங்குனா. போயிட்டா. அதோட முடிஞ்சிருக்கும் செட்டியாரே, அவ என்னை நம்பியிருப்பா. அந்த மொரேல் துரைதான் கெடுத்தாரு. கோட்டை அவங்க கைக்கு வந்து எட்டு நாள் கழிச்சு, அந்தக் கோட்டை வாசல்ல தம்பட்டம் அடிச்சு, ஊரைக் கூட்டி, என்னைக் கூப்பிட்டு, எல்லாரும் பாக்க இந்தப் பிரம்பைக் குடுத்தாரு. கையைப் புடிச்சுக் குலுக்கி, "உன் உதவியை எங்க ராசா மறக்கமாட்டாரு"ன்னு சவரிராயன் வாயால சொன்னாரு. நான் கீழ குனிஞ்சுக்கிட்டேன். வீட்டுல வச்சுக் குடுத்திருக்கலாம்ல? அறிவு வேணாமா?

சரி, போவட்டும். பதினாலு மாசம் நான்தான் இந்தக் கரைக்கு ராசா. எல்லா நாளும் என் முறை. ஒரு சின்ன சிக்கல்தான். நடுவுல ஒரு தை வந்துச்சு. மேட்டுல நின்னு துண்டை வீச ஆளில்ல. என் ஆளு ஒருத்தனை நிக்க வச்சேன். அவன் வீசுறான், எனக்கு முங்க மனசு வரல. எவன் எந்த நெனப்புல வீசுறானோ, யாருக்குத் தெரியும்? உலகத்துல துரோகிங்க பெருத்துட்டானுங்க. பழைய வழியிலயே ஓட்டுனேன். மூணு படகு போச்சு. துரை முகத்தைச் சுளிச்சாரு.

அப்பத்தான் காயிதம் வந்துச்சு. சீமையில சமாதானம் ஆயிடுச்சாம். சண்டையில புடிச்சதையெல்லாம் அவங்கவங்க திருப்பிக் குடுத்துடணுமாம். எங்கேயோ பனி கொட்டுற கடலோரத்துல பிராஞ்சுக்காரனுக்கு ஒரு கோட்டை இருந்துச்சாம், இங்கிலீசுக்காரன் புடிச்சு வச்சிருந்தானாம். அதை இவன் வாங்கிக்கிறான், நம்ம கரைப்பக்கத்துத் துறைங்களை அவன்கிட்ட விட்டுடுறான். மாத்து. சந்தையில பலாப்பழத்தைக் குடுத்து பூசணிக்காயை வாங்குற மாதிரி.

நான் சவரிராயன்கிட்ட ஓடுனேன். அந்த ஊர்ல என்ன சாமி இருக்குன்னு கேட்டேன். மீனுன்னான். வெட்டி உப்புப்போட்டுக் காயவைக்கிற பெரிய மீனு, கப்பல் கப்பலா போகுமாம். கருவாட்டுக்கா எங்களை மாத்துனீங்கன்னேன். அவன் சிரிக்கல. அப்பத்தான் நெனச்சுப் பாத்தேன், அந்தக் கரையிலயும் என்னை மாதிரி ஒருத்தன் இருந்திருப்பான். எந்தத் துரைக்கோ வழி காட்டியிருப்பான். அவன் கையிலயும் ஒரு பிரம்பு இருக்கும். அந்த மனுசனை நெனச்சா எனக்குக் கண்ணு கலங்கும் செட்டியாரே. வேற யாருக்கும் அவன் கஷ்டம் புரியாது.

பிராஞ்சுக்காரனுங்க கப்பலேறுற அன்னிக்கு மொரேல் துரை என்னைப் பாக்காமலே படகேறிட்டாரு. நான் பிரம்பைத் தூக்கிக்கிட்டு கட்டுமரத்துல தனியாத் தொரத்துனேன். எனக்கென்ன வழி, என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க, புதுச்சேரியிலயாவது ஒரு படகு குடுங்கன்னு கத்துனேன். கப்பல் மேல நின்னாரு. என்னை நல்லாவே பாத்தாரு. பக்கத்துல ஒருத்தன்கிட்ட என்னமோ கேட்டாரு, யாரு இவன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான், திரும்பிக்கிட்டாரு. திரும்பி வரும்போது வழி தவறிட்டேன். கட்டுமரம் கவுந்து, ரெண்டு தடவை தண்ணிக்கடியில மணல்ல மோதுனேன்.

என்னை இழுத்துக் கட்டுமரத்துல போட்டது தாண்டவன். நொண்டிக் காலை வச்சுக்கிட்டு வந்திருக்கான். கரையில கொண்டாந்து கெடத்தினான். வாயில இருந்த தண்ணியை அமுக்கி எடுத்தான். இந்தப் பிரம்பைக்கூடத் தேடி எடுத்துப் பக்கத்துல வச்சான். ஒரு வார்த்தை பேசல. திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருக்கலாம். அதுக்குக்கூட நான் லாயக்கில்லையா? மூணு வருசம் ஆகப்போகுது, இன்னும் பேசல. சொந்த மச்சான்.

இப்ப திரும்பவும் இங்கிலீசுக்காரன் கொடி. அவன் என்னைத் தூக்குல போடுவான்னுதான் நெனச்சேன். அதுகூடப் போடல. காயிதத்துல எல்லாருக்கும் மன்னிப்புன்னு எழுதியிருக்காம். தாண்டவனைக் கூப்பிட்டு, உனக்கு ரெண்டாவது தண்டலா யாரு வேணும்னு கேட்டிருக்கான். நான் நாலு நாளு வீட்டைவிட்டு வெளிய போகாம உக்காந்திருந்தேன், ஆளு வரும்னு. கழியோட தண்ணியில நிக்க என்னை விட்டா யாரு இருக்கா? அந்தக் காலோட அவனால தண்ணியில எறங்க முடியாது. என்கிட்டத்தானே வந்தாகணும்?

தை பொறந்துச்சு. காலையில எழுந்து வந்து பாத்தா, மேட்டு மேல தாண்டவன் துண்டோட நிக்கிறான். தண்ணியில கழுத்தளவுல கழியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது செங்கேணி. என் தங்கச்சி. பொம்பளை கடல்ல எறங்கக்கூடாதுன்னு எங்க ஊர்ல கட்டு, எங்க ஆத்தா பாட்டி யாரும் முழங்காலுக்கு மேல நனைஞ்சதில்ல. அவன் துண்டை வீசுறான், அவ முங்குறா. வீசுறான், எழுந்திருக்கிறா. ஊரே கரையில நின்னு பாக்குது, ஒருத்தன் வாயைத் தொறக்கல. கட்டை மீறுனாலும் மீறுவாங்களாம், என்னைக் கூப்பிடமாட்டாங்களாம். கூடப்பொறந்தவ செய்யுற காரியமா இது? எல்லாரும் சேந்து என்னை ஏமாத்திட்டாங்க செட்டியாரே.

அலை தணிஞ்சிடுச்சு, பாருங்க. அதோ, அந்தக் கோடிப் படகுக்குப் போங்க. நான் எங்க உங்களைக் கூட்டிக்கிட்டுப் போறது? எனக்கு இந்த வருசத்து வழி தெரியாது. நொண்டிக்கிட்டு வர்றானே, அவன்தான். நல்லாக் கொண்டு போய்ச் சேப்பான், பயப்படாதீங்க, கடல்ல அவனை மாதிரி ஆளு இல்ல. நடுப்பலகையில உக்காருங்க. என்கிட்டப் பேசிக்கிட்டிருந்ததைச் சொல்ல வேணாம்.

ஒரு நிமிசம். மூட்டையை ஏத்திட்டு மதியமே திரும்பி வருவீங்கல்ல? ஒரு சின்ன ஒத்தாசை. அலை உடையும்போது எல்லாரும் கண்ணை மூடிக்குவாங்க, நீங்க மூடாதீங்க. நுரைக்குள்ள படகு திரும்பும். அந்த எடத்துல கரையைப் பாருங்க. எந்த ரெண்டு பனை ஒண்ணாத் தெரியுதுன்னு மட்டும் மனசுல வச்சுக்கிட்டு வந்து சொல்லுங்க. வேற ஒண்ணுமில்ல, நாகப்பட்டணத்து ஒல்லாந்துக்காரன் ஒருத்தன் போன வாரம் வந்து ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தான். தங்கமான மனுசன். இந்த இங்கிலீசுக்காரன், பிராஞ்சுக்காரன் மாதிரி இல்ல, சொன்னா சொன்னபடி நடக்கிறவன்.

நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சத்தியம் பண்ணட்டுமா? கடல்தண்ணி இங்கதானே இருக்கு.